ஸ்டூலுக்கு எந்தப் பூச்சு? பாலிஷ், பெயிண்ட் சிக்கல் குறித்து ஓர் ஆய்வு

தமிழர் இல்லத்து மரச்சாமான்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காரைக்குடியில் தொடங்கிக் காரைக்குடியிலேயே முடிந்துவிடுகின்றன. பர்மாத் தேக்குத் தூண், ஆளுயரக் கதவு, கதவுக்கு மேலே கஜலட்சுமி என்று எழுதவும் படமெடுக்கவும் அங்கே ஏராளம் இருப்பதால், ஆய்வாளர்கள் திரும்பும் வழியில் பிள்ளையார்பட்டியையும் பார்த்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். மின்விசிறிக்குத் தூசு தட்டவும், பரணிலிருந்து கொலுப்படி இறக்கவும், விருந்தாளிகளுக்கு நாற்காலி போதாதபோது வீட்டுப் பிள்ளை உட்காரவும் பயன்படுகிற மர ஸ்டூலைப் பற்றி எவரும் வாய் திறந்ததில்லை. அந்த ஸ்டூல் ஏன் எப்போதும் வாசல் கேட்டின் நிறத்திலேயே இருக்கிறது என்ற எளிய கேள்விகூடக் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்தப் பெருங்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வின் எல்லை

எல்லையை முதலிலேயே கட்டிவிடுவது நல்லது. இரும்பு பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி, சன்மைக்கா ஒட்டிய மேசை ஆகியவை இங்கே வரமாட்டா. முதலிரண்டும் மரமல்ல. மூன்றாவது, மரம் என்ற பேச்சையே எடுக்கவிடாமல் செய்வதற்காக வந்தது. ஊஞ்சல் பலகை கடைசியில் தனியாக வரும். மற்றபடி ஸ்டூல், நாற்காலி, சாய்வு நாற்காலி, மேசை, கட்டில், அரிசிப் பெட்டி, கதவு, சன்னல், நிலை எல்லாம் உண்டு.

பாலிஷ் என்று நம் வீடுகளில் சொல்வது ஒரே பொருளை அல்ல. ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கும் அரக்கும் பாலிஷ்தான், ஸ்பிரே துப்பாக்கியால் அடிக்கும் லேக்கரும் பாலிஷ்தான். மெலமைனும் பாலிஷ். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பி.யூ.வும் பாலிஷ். கடைக்காரர் நான்கையும் நான்கு விலைக்கு விற்கிறார். வாங்கி வந்தபின் நான்குக்கும் ஒரே பெயர். வார்னிஷ் மட்டும் எப்படியோ தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இந்தக் குழப்பத்தில் இறங்காமலிருக்க ஓர் அளவுகோல் வைத்துக்கொள்வோம்: மரத்தின் ரேகை தெரிந்தால் பாலிஷ், மறைந்தால் பெயிண்ட்.

முன்னோர் செய்தவை

அரக்கு வேலையில் நமக்குத் தெரிந்த மிகப் புகழ்பெற்ற ஒப்பந்தம் வாரணாவதத்தில் நடந்தது. வேலை கொடுத்தவன் துரியோதனன். எடுத்துச் செய்தவன் புரோசனன். அரக்கு, நெய், எண்ணெய் என்று எளிதில் பற்றக்கூடிய சரக்குகளாகவே பார்த்துப் போட்டான். தருமர் புது மாளிகைக்குள் கால் வைத்ததும் வாசனையை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு பீமனிடம் சொல்லிவிட்டார். கிரகப்பிரவேசத்துக்குப் போன இடத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டு, ‘என்ன பாலிஷ் போட்டிருக்கீங்க?’ என்று விசாரிக்கும் மரபு இவரிடமிருந்துதான் நமக்கு வந்திருக்க வேண்டும். மாளிகை எரிந்தபோது புரோசனனும் உள்ளேயே இருந்தான். கட்டிக்கொடுத்தவர் தாம் கட்டியதற்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு பிற்காலத்தில் ஏனோ கைவிடப்பட்டுவிட்டது.

அதன்பின் பெரிய இடைவெளி. 1688-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் ஸ்டாக்கர், ஜார்ஜ் பார்க்கர் என்ற இருவர், ஜப்பானியப் பூச்சு வேலையை இங்கிலாந்தில் போலி செய்வது எப்படி என்று ஒரு நூலே வெளியிட்டார்கள். ஜப்பானியர் பயன்படுத்தும் மரப்பால் ஐரோப்பாவில் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அரக்கைக் கரைத்துப் பூசினார்கள். சரக்கு நம்முடையது, பெயர் ஜப்பானுடையது, வருமானம் அவர்களுடையது. இதற்குச் சரியாக ஈடு செய்தது போல இன்னொன்றும் நடந்தது. சீனத்தில் செய்து, சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் கப்பல் மாறி ஐரோப்பா போன பூச்சுத் தட்டிகளுக்கு ‘கோரமண்டல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் நம் பங்கு, மூட்டையை ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றியது.

அந்தச் சீன, ஜப்பானியப் பூச்சு பற்றி ஒரு செய்தி நம்மவர்களுக்குப் பயன்படும். அதற்குப் பால் தரும் மரம் மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவற்றின் குடும்பம். சேங்கொட்டைச் சாறு பட்டால் தோல் என்ன ஆகும் என்பது அதைக்கொண்டு துணிக்குக் குறி போட்ட பழைய சலவைத் தொழிலாளர்களுக்குத் தெரியும். ஜப்பானியப் பூச்சும் ஈரமாக இருக்கும்வரை அப்படித்தான் கொப்புளம் போட வைக்கும். அது காய்வதற்கு ஈரக்காற்று வேண்டும் என்பது இன்னும் விசேஷம். வெயிலில் வைத்தால் காயாது. ஈரமான பெட்டிக்குள் வைத்துத்தான் உலர்த்துகிறார்கள். கார்த்திகை மாதத்துச் சென்னைக்காகவே படைக்கப்பட்ட பொருள் அது. கிடைத்திருப்பதோ ஜப்பானுக்கு.

பூச்சியிலிருந்து பூச்சு

நம் அரக்கு மரத்தின் பால் அல்ல, ஒரு பூச்சியின் வேலை. கெர்ரியா லாக்கா என்று அறிவியலார் அழைக்கும் அந்தச் சிற்றுயிர் புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளையில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். உடம்பைச் சுற்றிப் பிசினைச் சுரந்து தன்னையே மூடிக்கொள்ளும். கிளையை வெட்டி, பிசினைச் சுரண்டி, இடித்துக் கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் ஹார்டுவேர் கடையில் எடை போட்டுத் தரும் அரக்குச் செதில் கிடைக்கும். இந்தியாவில் இது அதிகம் விளைவது ஜார்க்கண்டில். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் 1924-லேயே அரக்குக்கென்று ஆய்வு நிலையம் வந்துவிட்டது. அரக்குக்கு ஆய்வு நிலையம் உண்டு, ஸ்டூலுக்கு இல்லை என்பதை வருத்தத்துடன் இங்கே பதிவு செய்கிறேன்.

பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகள் இந்த அரக்கைச் சேர்த்துச் செய்யப்பட்டவை. எம்.கே. தியாகராஜ பாகவதர் குரல் ஊர் ஊராகப் போனது அரக்குத் தட்டில்தான். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேலே பளபளப்புக்குப் பூசுவதும் இதுவே. ஆகவே அரக்கு பாலிஷ் போட்ட நாற்காலியில் உட்காருகிறவர் பாகவதர் பாட்டுக்கு உறவினராகிறார். எனாமல் அடித்த நாற்காலிக்காரர் அப்படி எந்தப் பெருமையும் பேசிக்கொள்ள முடியாது.

அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைசலில் சுழலும் மரத்தின்மேல் நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பிரஷ் இல்லை, தின்னர் இல்லை, காய வைக்கும் வேலையும் இல்லை. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் இது என் அளவுகோலை உடைக்கிறது: பூச்சு அரக்கு, மரத்தின் ரேகையோ தெரிவதில்லை. பாலிஷா, பெயிண்டா? பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்ற காரணத்தைக் காட்டி இதை ஆய்விலிருந்து விலக்கிவிடுகிறேன். ஒத்துவராத தரவை இப்படி விலக்குவது எல்லாத் துறையிலும் வழக்கத்தில் உள்ளதுதான்.

காயும் விதம்

இப்போது கொஞ்சம் வேதியியல். அரக்கும் லேக்கரும் காய்வதில் எந்த மாயமும் இல்லை. ஸ்பிரிட்டோ தின்னரோ பறந்துபோகிறது, அதில் கரைந்திருந்தது மரத்தில் தங்குகிறது, அவ்வளவுதான். மறுபடி ஸ்பிரிட்டைக் காட்டினால் அரக்கு மறுபடி கரையும். அதனால்தான் இரண்டாவது கோட் முதல் கோட்டோடு உருகி ஒன்றாகிவிடுகிறது. பத்து வருடம் கழித்து விழுந்த கீறலையும் அந்த இடத்தில் மட்டும் தேய்த்துச் சரிசெய்ய முடிகிறது. எனாமல் பெயிண்ட் வேறு ஜாதி. டர்பன்டைன் பறந்தபின்தான் அதற்கு உண்மையான வேலையே தொடங்குகிறது. அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி உள்ளுக்குள் வலை பின்னிக்கொள்ளும். பின்னியபிறகு குடம் குடமாக டர்பன்டைன் ஊற்றினாலும் இளகாது. அதை எடுக்க வேண்டுமென்றால் ரிமூவர், சுரண்டி, பொறுமை மூன்றும் வேண்டும்.

பழைய நாற்காலியில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் ஏறினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு மசிந்தால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எனாமலோ வார்னிஷோ பி.யூ.வோ. இந்தச் சோதனையைச் செய்யாமல் பழைய அரக்கின்மேல் நேரடியாக பி.யூ. அடித்துவிட்டு, ஆறு மாதத்தில் தோலுரிகிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாலிஷின் பெரிய எதிரி காபி. அரக்கு சுமார் 75 டிகிரி சூட்டில் இளகிவிடும். நம் வீட்டுக் காபி அந்தச் சூட்டுக்குக் குறைவாக வந்தால் வாங்கியவர் முகம் மாறும். ஆகவே டபராவின் அடிவட்டம் மேசையில் வெள்ளை வளையமாக விழுவது காலத்தின் கட்டாயம். வளையம் வெள்ளையாக இருக்கும்வரை பயமில்லை. ஈரம் பூச்சுக்குள் மட்டும்தான் புகுந்திருக்கிறது. ஸ்பிரிட் காட்டி லேசாகத் தேய்த்தால் போய்விடும். வளையம் கறுத்திருந்தால் நீர் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று பொருள். இரும்புச் சட்டியை வைத்த இடமாக இருந்தால் மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை போல ஆகியிருக்கும். அதன்மேல் காலண்டரை விரித்துப் போடுவதுதான் நடைமுறைத் தீர்வு. ஒரு வீட்டு மேசையின்மேல் பூ வேலை செய்த விரிப்பு எந்த இடத்தில் கிடக்கிறது என்பதை வைத்து அந்த வீட்டுக் காபி வரலாற்றை எழுதிவிடலாம்.

லேக்கருக்கு மழை ஆகாது. தின்னர் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்ந்துபோகிறது. ஈரக்காற்று அதன்மேல் வேர்த்துவிடுகிறது. காலையில் கண்ணாடியாக இருந்த பூச்சு மதியத்துக்குள் வெளுத்துப் போகும். அதனால்தான் விவரமான பாலிஷ்காரர் ஐப்பசியில் முன்பணம் வாங்கமாட்டார். விவரமற்றவர் தீபாவளிக்குள் முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொள்வார்.

லேக்கரின் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை அமிலத்தில் போட்டு எடுப்பது. 1846-இல் பாசல் நகரத்தில் ஷோன்பைன் அறிவித்த வெடிபஞ்சுக்கு நெருங்கிய சொந்தம். 1920-களில் அமெரிக்காவில் இதைக் கார்களுக்கு அடிக்கத் தொடங்கியதும், வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த வண்டிகள் சீக்கிரமே வீதிக்கு வந்தன, அதுவும் பல நிறத்தில். அதுவரை ஃபோர்டு கம்பெனி கறுப்பையே கட்டிக்கொண்டு அழுதது. நம் ஆய்வுக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: லேக்கர் வேலை நடக்கும் அறைக்குள் பீடி பற்ற வைக்கக் கூடாது. இந்தச் சரக்கு புரோசனன் கையில் கிடைக்காமல் போனது பாண்டவர்களின் நல்ல காலம்.

களஆய்வு

களஆய்வுக்கு எடுத்துக்கொண்டது என் அத்தை வீட்டு எழுத்து மேசை. அந்த மேசையைப் பற்றி இரு தலைமுறையாக ஒரே கருத்துதான் நிலவுகிறது. பாலிஷ் போட வந்தவர் இழுப்பறையைக் கழற்றிக் கவிழ்த்து, உளியின் ஓரத்தால் அடிப்பக்கத்தில் லேசாகச் சுரண்டினார். சுரண்டிய தூளை மோந்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார். அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க மாமனார் காலத்து மேசை மேஸ்திரி. அசல் தேக்கு.”

“நல்ல மரந்தாம்மா.”

“தேக்குதானே?”

“நல்லா கெட்டியா இருக்கு. பூச்சி ஒண்ணும் அரிக்கல பாருங்க.”

“தேக்குன்னு வாய்விட்டுச் சொல்லுங்களேன்.”

“தேக்கு கலரே வச்சிரலாம்மா.”

இந்த உரையாடலில் ஒரு முழு வகைப்பாட்டியல் அடங்கியிருக்கிறது. உண்மையிலேயே தேக்காக இருந்தால் நாம் கேட்குமுன்னரே அவர் சொல்லிவிடுவார், கூலியும் அதற்கேற்ப ஏறும். ‘நல்ல மரம்’ என்றால் தேக்கு அல்ல. ‘கெட்டி மரம்’ என்றால் நல்ல மரமும் அல்ல. ‘எதுக்கும்மா செலவு, பெயிண்ட் அடிச்சிரலாமே’ என்றால் பலகைக்கும் காலுக்கும் வேறு வேறு மரம், நடுவில் எங்கோ பிளைவுட்டும் இருக்கிறது. மூன்று தலைமுறை மானத்தைக் காப்பாற்றும் இந்த நயம் எந்தத் தொழிற்பயிற்சியிலும் கற்பிக்கப்படுவதாகத் தெரியவில்லை.

அத்தை பாலிஷுக்கே சம்மதித்தாள். பழைய பூச்சை எடுத்து, 80 எண் உப்புத்தாளில் ஆரம்பித்து 120, 220 என்று ஏறினார் மேஸ்திரி, எப்போதும் ரேகையின் போக்கிலேயே. குறுக்கே தேய்த்த கோடு தேய்க்கும்போது தெரியாது. நிறம் ஏற்றிய பிறகுதான் பல்லை இளிக்கும். சாக்பவுடரில் காவிப் பொடியும் கொஞ்சம் பாலிஷும் கலந்து குழைத்து மரத்தின் நுண்துளைகளில் அப்பினார். பிறகு பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, அரக்குக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, முடிச்சின் அடியில் விரல்நுனியால் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டார். எண்ணெய் இல்லாவிட்டால் துணி ஒட்டிக்கொண்டு இழுக்கும். எட்டு போட்டபடியே கை போகிறது. மேசையின் ஓரத்துக்கு வரும்போதும் நிற்பதில்லை, விளிம்பைத் தாண்டி வெளியே போய்த் திரும்புகிறது. நடுவில் ஒரு கணம் கை நின்றால் அந்த இடத்தில் முன்கோட் கரைந்து துணியின் தடம் பதிந்துவிடும். அவ்வப்போது தலையைச் சாய்த்துச் சன்னல் வெளிச்சத்தில் பரப்பைப் பார்த்தார். அத்தை நேராக நின்று பார்த்துவிட்டு, “ஆயிடுச்சே” என்றாள். அவர் பதில் சொல்லாமல் இன்னும் தேய்த்தார்.

மேசை அசல் தேக்காகவே வெளியே வந்தது. பாலிஷ் உண்மையைக் காட்டும், பெயிண்ட் மூடி மறைக்கும் என்ற பரவலான கருத்தை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. பெயிண்ட் தன்னைத் தவிர வேறு எதையும் காட்டுவதாகச் சொல்வதில்லை. பச்சை என்றால் பச்சை. ரப்பர் மரத்துக்கு ஈட்டி மர நிறத்தை ஏற்றி மேலே மின்ன வைப்பது பாலிஷ்தான். பெயிண்ட் அடித்தவருக்கும் ஒரு வசதி உண்டு: ‘உள்ளே தேக்குதான்’ என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் சுரண்டிப் பார்க்கப் போவதில்லை.

மீதி விதி

இனி இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு. பாலிஷைத் தேர்ந்தெடுக்கிறோம்; பெயிண்ட் நேர்ந்துவிடுகிறது.

ஸ்டூலுக்கென்று யாரும் பெயிண்ட் வாங்குவதில்லை. கேட்டுக்கு வாங்குகிறார்கள். எனாமல் 50, 100, 200, 500 மில்லி, 1 லிட்டர் என்று டப்பாக்களில் வருகிறது. எந்த வீட்டுக் கேட்டும் இந்த அளவுகளுக்குள் அடங்குமாறு கட்டப்படவில்லை. “எதுக்கும் ஒரு லிட்டரா வாங்கிருங்க சார்” என்பார் பெயிண்டர். வேலை முடிந்ததும் டப்பாவில் நாலு விரற்கடை மீந்திருக்கும். மூடியை எவ்வளவு அழுத்தி மூடினாலும் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று போதும். ஆறிய பாலைப் போல மேலே ஏடு கட்டத் தொடங்கிவிடும். கேட்டின்மேல் நடந்த அதே வேதிவினைதான் டப்பாவுக்குள்ளும் நடக்கிறது. ஆகவே மீந்த பெயிண்டுக்குக் கெடு உண்டு. காசு கொடுத்து வாங்கியது கட்டியாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத வீட்டுத் தலைவர், பழைய பனியனை மாட்டிக்கொண்டு கையில் பிரஷ்ஷோடு கிளம்புகிறார். மீட்டர் பெட்டிக் கதவு, மோட்டார் மூடி, மாடிப்படிக் கைப்பிடி என்று எதிர்த்துப் பேசத் தெரியாத பொருள்களாகப் பார்த்து அடித்துக்கொண்டே வருகிறார். கடைசியில் அவர் ஏறி நின்றுகொண்டிருந்த ஸ்டூல்.

பாலிஷுக்கு இந்த நிலை வருவதில்லை. அதைக் கலந்தவர் பாலிஷ்காரர். மீந்ததைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றிக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கொஞ்சம் கேட்டு வாங்கி வைத்தாலும் பயனில்லை. கரைத்த அரக்கு சில மாதங்களில் காயும் குணத்தை இழந்து, தடவினால் பிசுக்காகவே நிற்கும். மீந்த பாலிஷ் பாலிஷ்காரரோடு போகிறது, மீந்த பெயிண்ட் நம்மோடு தங்குகிறது. தமிழ்நாட்டு ஸ்டூல்களின் நிறம் முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தால் விளக்கிவிடலாம் என்பது என் துணிபு.

சான்று கேட்பவர்கள் தங்கள் வீட்டு ஸ்டூலின் காலில் பெயிண்ட் பெயர்ந்த இடத்தைப் பார்க்கட்டும். கீழடிக் குழி போல அடுக்கடுக்காக இருக்கும்: மேலே காபிப்பொடி நிறம், அதற்குக் கீழே கரும்பச்சை, அதற்கும் கீழே வெளிர்நீலம். ஒவ்வொன்றும் கேட்டின் ஒரு காலகட்டம். வெளிர்நீலத்தின் காலத்தைச் சின்னம்மாவின் கல்யாண ஆல்பத்தில், மாப்பிள்ளை கார் நுழையும் படத்தை வைத்து உறுதி செய்யலாம். எல்லாவற்றுக்கும் அடியில் செங்கல் நிறத்தில் ஒரு படலம் தெரிந்தால் வழக்கு முடிந்தது. அது ரெட் ஆக்சைடு. இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அடிப்பது. மரத்துக்கு அதனால் சல்லிக்காசு பயனில்லை. மரத்துக்கென்று தனி பிரைமர் இருக்கிறது. ஸ்டூலில் ரெட் ஆக்சைடு இருக்கிறதென்றால், கேட்டின் பெயிண்ட் மட்டுமல்ல, கேட்டின் பிரைமரும் மீந்திருக்கிறது.

இந்த அடுக்குகளை ஆராய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இது விளையாட்டல்ல. வீட்டு பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய அடுக்குகளில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. உலர்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துத் தூசு கிளப்ப வேண்டாம். நனைத்துத் தேய்ப்பது நல்லது, முகத்துக்கு நல்ல மாஸ்க் வேண்டும், சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது. வாயில் எதையும் வைத்துப் பார்க்கும் பேரப்பிள்ளை வீட்டில் இருந்தால், பழைய ஸ்டூல் பரணில் ஏறுவது நியாயமே.

பெயிண்டைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். துணி துவைக்கும் இடத்தில் கிடக்கும் ஸ்டூலுக்கும், மொட்டைமாடி பெஞ்சுக்கும், ஆணியடித்து ஒட்டுப்போட்ட பலகைக்கும் அரக்கு பூசுவது வீண். நல்ல மர பிரைமரும் இரண்டு கோட் எனாமலும்தான் அவற்றுக்குச் சரி. ஆனால் ரேகை ஓடிய, விரிசலில்லாத, நிழலில் கிடக்கும் ஒரு பலகை கையில் இருக்கும்போது கேட்டு பெயிண்ட் டப்பாவைத் திறப்பவரை இந்த ஆய்வு மன்னிக்காது.

மஞ்சள் நிலை

வாசல் நிலைக்கு மட்டும் மீதி விதி செல்லாது. அங்கே மஞ்சளும் குங்குமமும் வைக்க வேண்டும். மஞ்சளோ வெயில் பட்டால் வெளுத்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் பூச வேண்டும். இந்த வேலையை மிச்சம் பிடிக்க நம்மவர் கண்ட வழி, மஞ்சளையும் பெயிண்டாகவே அடித்து, குங்குமப் பொட்டையும் சிவப்பு எனாமலில் வரிசையாக வைத்துவிடுவது. அளவெடுத்த இடைவெளியில் பொட்டுகள் நிற்கும். நல்ல நாள் வந்தால் அந்தப் பெயிண்ட் பொட்டின் மேலேயே உண்மையான குங்குமத்தையும் வைப்பார்கள். பாலிஷ் போட்ட தேக்கு நிலைக்காரர்கள் பெயிண்ட் படக் கூடாது என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஸ்டிக்கரைப் பிய்க்கும்போது பாலிஷும் சேர்ந்து வருவதைப் பற்றி அவர்கள் இன்னும் யோசிக்கவில்லை.

ஊஞ்சல் பலகை

கடைசியாக, பாலிஷும் வேண்டாம் பெயிண்டும் வேண்டாம் என்று நிற்கும் ஊஞ்சல் பலகை. பெயிண்ட் அடித்த ஊஞ்சல் பலகையை நான் எங்கும் பார்த்ததில்லை. பாலிஷ் போட்டாலும் சில ஆண்டுகளில் உட்காரும் இடத்தில் போய்விடுகிறது. அதற்கப்புறமும் அந்த இடம்தான் அதிகமாக மின்னுகிறது. வேட்டியும் புடவையும் உராய்ந்த உராய்வு, மதியத்தூக்கத்தில் தலையிலிருந்து இறங்கிய எண்ணெய், காலை உந்தும்போது விளிம்பைப் பிடித்த கை ஆகியவையே அதற்குப் பூச்சு. இதை எந்தக் கடையும் டப்பாவில் விற்பதில்லை. வீட்டில் யார் அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறார்கள் என்பதைப் பலகையின் மினுமினுப்பை வைத்து வரைபடமாக்க முடியும் என்பது என் கருதுகோள். சங்கிலிக்குப் பக்கத்து மூலையில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் தனிப் பளபளப்பு இருப்பதன் காரணமும் அப்போது தெரியும். அது தாத்தாவின் வெற்றிலைச் செல்லம் வைத்த இடமா, செல்போன் சார்ஜர் வந்தபின் ஏற்பட்டதா என்பதில் வீட்டிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. அளவுகோலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு பலமுறை போயாகிவிட்டது. பலகை காலியாக இருந்தால்தானே அளக்க!